உயிர்ப் பதிவேட்டில் ஒரு பெயர்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாவட்டச் செய்திப் பக்கத்தின் மூலையில் ஒரு குறிப்பு வரும். தலைப்பு அநேகமாக மாறாது: வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கு உதவித்தொகை, ஆட்சியர் தகவல். பத்தாம் வகுப்பில் தேறாதவர்களுக்கு மாதம் 200 ரூபாய், தேறியவர்களுக்கு 300, பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 400, பட்டதாரிகளுக்கு 600. மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு 600, 750, 1,000 என்று பத்து ஆண்டுகளுக்கு. குறைந்தது பத்து ஆண்டுகளாக இந்தத் தொகைகள் இப்படியே இருக்கின்றன.

நிபந்தனைகள் தொகையைவிட நீளமானவை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். இடையில் புதுப்பிக்காமல் விட்டிருக்கக் கூடாது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. வயது 40க்குள், பட்டியலினத்தவர், பழங்குடியினர் என்றால் 45. எந்தக் கல்லூரிக்கும் நேரில் போய்ப் படித்துக்கொண்டிருக்கக் கூடாது. வருவாய்த் துறையின் சான்று வேண்டும், ஆண்டுதோறும் சுய உறுதிமொழி வேண்டும். எல்லாம் முடிந்து கடைசி வரி: பொறியியல், மருத்துவம், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு இந்தத் திட்டம் கிடையாது.

2014இல் வந்த 'வேலையில்லா பட்டதாரி' படத்தின் நாயகன் சிவில் எஞ்சினியர். தமிழ்நாட்டின் மிகப் புகழ்பெற்ற வேலையில்லாப் பட்டதாரி அவர்தான். வேலையில்லாப் பட்டதாரிகளுக்கான உதவித்தொகைக்கு அவர் விண்ணப்பம் கொடுத்திருந்தால் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

நானும் எஞ்சினியர்தான். சென்னையில் பதினோரு ஆண்டு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். 2023 பிப்ரவரியில் அந்த வேலை போனது. உலகம் முழுக்க மென்பொருள் நிறுவனங்கள் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மனைவி மகளோடு காயல்பட்டினம் வந்து ஒன்பது மாதம் இருந்தேன். அந்த மாதங்களில்தான், இந்த மாநிலத்தில் 'வேலையில்லாதவர்' என்று யாரைச் சொல்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

*

காயல்பட்டினத்தில் 'வேலையில்லாதவர்' என்ற சொல்லுக்குப் புழக்கம் குறைவு. எங்களிடம் இருக்கும் சொல் 'சபர்'. பயணம். பிழைப்புக்காக வெளியூர், வெளிநாடு போகிறவர் சபராளி. ஊரில் ஓர் ஆண்மகன் நடமாடினால் அவர் சபரிலிருந்து வந்தவர், அல்லது சபருக்குப் போகப்போகிறவர். மூன்றாவது நிலை ஒன்று இருப்பதாக ஊர் நினைப்பதில்லை.

இது நேற்று வந்த பழக்கம் இல்லை. தாமிரபரணி கடலில் கலக்கும் இந்தக் கரையில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பாண்டியனுக்குக் குதிரைகள் அரபுக் கரையிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய துறை. அவர் சொன்ன காயல் பழையகாயலா, எங்கள் ஊரா என்று ஆய்வாளர்கள் வாதாடுவது ஒரு பக்கம். எப்படியிருந்தாலும் இந்தக் கரையின் சோறு தொலைவிலிருந்துதான் வந்திருக்கிறது. பிறகு கொழும்பு, இரத்தினக்கல் வியாபாரம், ஹாங்காங், வளைகுடா. என் தலைமுறையில் சென்னை, பெங்களூரு.

அதனால் மாலையில் கடற்கரை மணலில் உட்கார்ந்தால் ஒரே கேள்விதான் வரும். "எப்பம் வந்திய மாப்புள? எப்பம் பயணம்?" இரண்டும் ஒரே மூச்சில். கேட்பவருக்குத் துருவும் எண்ணமில்லை. சலாம் சொல்வது போல ஒரு வழக்கம் அது. முதல் மாதம் "லீவுல வந்தேன்" என்றேன். இரண்டாவது மாதம் "வீட்ல இருந்தே வேலை" என்றேன். கொரோனாவுக்குப் பிறகு அதை எல்லோரும் நம்பினார்கள். நான்காவது மாதத்தில் கடற்கரைக்குப் போகும் நேரத்தை இஷாவுக்குப் பிறகு என்று மாற்றிக்கொண்டேன். இருட்டில் கேள்விகள் குறையும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கல்யாணம் ஆனால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறான். வீடு பெண்ணுடையது. பயணம் போய் வருகிற ஆணுக்கும் வீட்டிலேயே இருக்கிற பெண்ணுக்கும் பொருந்தி வந்த ஏற்பாடு. சபர் உள்ளவரை மாப்பிள்ளை ஒரு கௌரவ விருந்தாளி. நான் வந்த முதல் வாரம் வட்டிலப்பம் வந்தது. மாமி ஒன்பது மாதமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தட்டில் ஒரு கரண்டி குறையவுமில்லை. ஆனால் மாமனார் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போகிற விதத்தில் ஒரு கவனம் இருந்தது. என்னிடம் தவறாக எதையும் கேட்டுவிடக் கூடாது என்கிற கவனம். அது கேள்வியைவிடக் கனமானது.

*

என் பெயர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் 2007 முதல் இருக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் வந்த வாரமே வாப்பா தூத்துக்குடிக்குக் கூட்டிப்போய்ப் பதிந்துவிட்டார்கள். பொறியியல் முடித்த பிறகு பதிவு, தொழிற்படிப்புக்காரர்களுக்கென்று உள்ள மதுரை அலுவலகத்துக்கு மாறியது. சென்னையில் எனக்கு நல்ல சம்பளம் வந்துகொண்டிருந்த காலத்திலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை வாப்பா நினைவுபடுத்திப் புதுப்பிக்க வைத்தார்கள். "இருக்கட்டும் வாப்பா. கவருமெண்டு பதிவு. உட்டுறக் கூடாது."

அந்த அட்டைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1945இல், உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை பார்த்துக் கொடுக்க இந்தியாவில் இந்த அலுவலகங்களின் அமைப்பு உருவானது. 1956இல் அவற்றின் நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. 1959இல் ஒரு சட்டம்: 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை இங்கே தெரிவிக்க வேண்டும் என்றது. தெரிவித்தால் போதும், இங்கிருந்து ஆளெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அரசு வேலைக்கு மட்டும் பதிவு மூப்பு என்ற ஒன்று உயிரோடு இருந்தது. யார் முதலில் பதிந்தாரோ அவருக்கு முதலில் கார்டு வரும். 1996இல் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் பெயர்களோடு நிற்காமல் பத்திரிகையிலும் விளம்பரம் செய்து எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்றது. 2012இல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. பதிவு மூப்பின் பலம் கரைந்துகொண்டே போயிற்று. ஆனால் பதியும் பழக்கம் கரையவில்லை. இந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பதிவு செய்து காத்திருப்போர் 70 லட்சத்தைத் தாண்டினார்கள்.

அலுவலகத் தமிழில் அதற்கு 'உயிர்ப் பதிவேடு' என்று பெயர். அதில் பெயர் இருக்கிற எல்லோரும் வேலையற்றவர்கள் இல்லை. பதினோரு ஆண்டு சம்பளம் வாங்கிய காலமெல்லாம் நான் அதில் ஒரு ஆள். கடை வைத்திருப்பவர், துபாயில் இருப்பவர், தனியார் பள்ளியில் பாடம் எடுப்பவர் எல்லோரும் இருக்கிறார்கள். அந்தப் பட்டியல் அளப்பது வேலையின்மையை என்பதைவிட அரசு வேலை மீதான ஆசையை என்று சொல்லலாம். 2024இல் குரூப் 4 தேர்வு வந்தபோது 6,244 இடங்களுக்கு 20 லட்சத்துக்கு மேல் விண்ணப்பங்கள். இரண்டும் ஒரே ஆசையின் இரு கணக்குகள்.

*

உயிர்ப் பதிவேடு என்னை வேலையில் இருக்கும்போது வேலையற்றவனாக எண்ணியது. வேலை போனபிறகு எண்ணுவதற்கு இன்னொரு கணக்கு இருக்கிறது.

2017 ஏப்ரல் முதல் மத்தியப் புள்ளியியல் துறை 'காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு' நடத்துகிறது. செய்திகளில் வருகிற வேலையின்மை விகிதம் பெரும்பாலும் இதிலிருந்து எடுத்தது. 2017-18இல் தமிழ்நாட்டின் விகிதம் 7.5 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அகில இந்திய அளவு 6 சதவீதம். 2022-23இல் 4.3. 2023-24இல் 3.5, அகில இந்தியா 3.2. ஆறு ஆண்டில் பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. நல்ல செய்திதான். மாநிலத்தில் தொழில் வளர்ந்திருப்பதும் உண்மைதான். ஆனால் அந்த எண்ணுக்குள் யார் எப்படி நுழைகிறார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் நிதானம் வரும்.

கணக்கெடுப்பில் முக்கியமாக இரண்டு அளவுகள். ஒன்று 'வழக்கமான நிலை'. கடந்த 365 நாட்களில் உழைப்புச் சந்தையில் இருந்த காலத்தின் பெரும்பகுதியில் என்ன செய்தீர்கள்? பெரும்பகுதி வேலை என்றால் நீங்கள் வேலையில் இருப்பவர். பெரும்பகுதி இல்லாவிட்டாலும் உபதொழிலாக 30 நாள் ஏதாவது செய்திருந்தால் அப்போதும் வேலையில் இருப்பவர். இரண்டாவது 'நடப்பு வார நிலை'. கடந்த ஏழு நாட்களில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும். இரண்டிலுமே, வேலை தேடாமலும் வேலைக்குத் தயார் என்று சொல்லாமலும் இருப்பவர் கணக்கிலேயே வரமாட்டார். விகிதத்தின் மேலேயும் வரமாட்டார், கீழேயும் வரமாட்டார்.

2023 ஜூலையில் ஒரு கணக்கெடுப்பாளர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருநாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். முந்தைய 12 மாதங்களில் ஏழு மாதம் சம்பளம் வாங்கியிருக்கிறேன், ஐந்து மாதம் சும்மா இருந்திருக்கிறேன். வழக்கமான நிலையில் நான் வேலையில் இருப்பவன். அந்த வாரம் பெரிய தெருக் கடை ஒன்றில் பில் போடும் மென்பொருள் பழுதாகி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தேன். 500 ரூபாய் கொடுத்தார்கள். நடப்பு வார நிலையிலும் நான் வேலையில் இருப்பவன்.

என் மனைவியின் தங்கை பி.எஸ்சி. படித்தவள். கல்லூரி முடித்த முதல் ஆண்டு ஏதாவது வேலை கிடைக்குமா என்று தேடினாள். ஊருக்குள் கிடைத்தது ஒரு பள்ளிக்கூட வேலை. அதுவும் ஓராண்டில் முடிந்தது. வெளியூருக்கு அனுப்ப வீட்டில் சம்மதமில்லை. தேடுவதை நிறுத்திவிட்டாள். அவளும் வேலையில்லாதவள் இல்லை. புள்ளிவிவரத்தின் மொழியில் அவள் 'வீட்டு வேலைகளைக் கவனிப்பவர்'. ஆக, எங்கள் வீட்டில் படித்துவிட்டுச் சம்பளம் இல்லாமல் இரண்டு பேர் இருந்தோம். மாநிலத்தின் வேலையின்மைக் கணக்கில் ஒருவர்கூட இல்லை.

இந்த இலக்கணங்களை யாரும் சதி செய்து எழுதவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் என்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம்தான். அன்றாடம் ஏதாவது செய்தே தீர வேண்டிய ஏழை நாட்டில் முழு வேலையின்மை என்பதே ஒரு வசதி. உப்பளத்தில் வேலை போனவர் மறுநாள் சித்தாள் வேலைக்குப் போய்விடுவார். அதனால் இந்த விகிதம் குறைவதை மட்டும் வைத்துக்கொண்டு துயரம் குறைந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது.

*

சரி, கணக்கில் இல்லாவிட்டால் போகட்டும். காசுக்கு என்ன வழி?

தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், அதாவது ஈ.எஸ்.ஐ.யில், வேலை போனவர்களுக்கு இரண்டு திட்டங்கள் உண்டு. 2005இல் வந்த ராஜீவ் காந்தி பெயரிலான திட்டம், ஆலை மூடல், ஆட்குறைப்பு போன்றவற்றால் வேலை இழந்தவருக்கானது. 2018இல் வந்த அடல் பெயரிலான திட்டம், வாழ்நாளில் ஒருமுறை, 90 நாட்கள் வரை, சராசரி ஊதியத்தில் 25 சதவீதம். கொரோனாவில் அதை 50 ஆக உயர்த்தினார்கள். இவை உண்மையான வேலையிழப்புக் காப்பீடு. ஆனால் ஈ.எஸ்.ஐ.க்கு 2017 முதல் ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாய். அதைத் தாண்டினால் கதவு மூடிவிடும். மென்பொருள் துறையில் மூன்றாவது ஆண்டிலேயே நான் அந்த வாசலுக்கு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்தது தொழில் தகராறு சட்டம். ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பும், வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியமும் தர வேண்டும் என்றது 1947ஆம் ஆண்டின் அந்தச் சட்டம். தகவல் தொழில்நுட்ப ஊழியர்களும் இந்தச் சட்டத்தின் கீழ் வரலாம், சங்கம் அமைக்கலாம் என்று 2016இல் தமிழக அரசு தெளிவுபடுத்தியது. ஆனால் எங்களை யாரும் ஆட்குறைப்புச் செய்யவில்லையே. ஒரு சின்ன அறைக்கு ஒவ்வொருவராக அழைத்தார்கள். மேசையில் ஏற்கனவே தட்டச்சு செய்த ராஜினாமாக் கடிதம் இருந்தது. கையெழுத்துப் போட்டால் இரண்டு மாதச் சம்பளமும் நல்ல அனுபவச் சான்றிதழும். போடாவிட்டால் இரண்டும் சந்தேகம். அடுத்த வேலைக்குப் போகிற இடத்தில் சான்றிதழ் கேட்பார்கள் என்பது அறையில் இருந்த இருவருக்கும் தெரியும். அன்று வெளியேறிய எல்லோரும் காகிதத்தில் தாமாக விலகியவர்கள். தாமாக விலகியவருக்கு எந்தச் சட்டத்திலும் இழப்பீடு இல்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலுறவுச் சட்டத்தொகுப்பில், ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு மறுதிறன் பயிற்சிக்காக 15 நாள் ஊதியம் தர ஒரு நிதி சொல்லப்பட்டிருக்கிறது. அந்த நிதிக்கும் அதே காகிதம்தான் குறுக்கே நிற்கும்.

மிச்சம் வருங்கால வைப்பு நிதி. 2018இல் வந்த திருத்தப்படி அப்போது வேலை போய் ஒரு மாதம் ஆனால் 75 சதவீதம் எடுக்கலாம் என்று இருந்தது. எடுத்தேன். கிழவனான பிறகு சாப்பிட வைத்திருந்த சோற்றை முப்பத்துமூன்று வயதில் சாப்பிட்டோம். ஆறாவது மாதம் மனைவி இரண்டு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். அடகு வைத்தால் வட்டி. அது வேண்டாம் என்று விற்றுவிட்டோம். இந்த மாநிலத்தில் நடுத்தரக் குடும்பங்களின் வேலையிழப்புக் காப்பீடு பெண்களின் கழுத்திலும் கையிலும்தான் இருக்கிறது. அதன் பிரீமியத்தைக் கட்டியவர் பெண்ணைப் பெற்றவர்.

ஊரும் உதவும் ஊர்தான். ரியாத், துபாய், சிங்கப்பூர், ஹாங்காங் என்று காயலர்கள் இருக்கும் இடமெல்லாம் நல மன்றங்கள் இருக்கின்றன. மருத்துவத்துக்கு, படிப்புக்கு உதவி போகிறது. ஆனால் வேலை போனதைச் சொல்லி எப்படிக் கேட்பது? நோய்க்கு ரிப்போர்ட் உண்டு, படிப்புக்கு ரசீது உண்டு. ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடன்பட்டவர்கள் ஒரு வகை. வேலை போனவன் கடனாளியாகும்வரை பொறுத்திருந்தால் அந்த வரிசையில் சேரலாம்.

*

பிரிட்டன் 1911இல் முதன்முதலாக நாடு தழுவிய வேலையின்மைக் காப்பீடு கொண்டுவந்தபோது எல்லாத் தொழிலுக்கும் கொடுக்கவில்லை. கட்டுமானம், கப்பல் கட்டுதல், இயந்திரப் பொறியியல் போன்ற சில தொழில்களோடு தொடங்கினார்கள். வாரம் 7 ஷில்லிங், 15 வாரங்கள் வரை. அங்கே பொறியியல் என்றால் பட்டறையில் நிற்கும் தொழிலாளி, பட்டதாரி இல்லை, அது தெரியும். ஆனாலும் அவர்கள் அந்தத் தொழில்களைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் இருந்தது: வேலை ஏறி இறங்குகிற தொழில்கள் அவை. எங்கே வேலை போகிற ஆபத்து அதிகமோ அங்கே காப்பீடு. ஜெர்மனி 1927இல், அமெரிக்கா 1935இல் தம் வழிகளில் அதைச் செய்தன. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் அதிகபட்சம் 26 வாரம் தருகின்றன. எல்லாவற்றிலும் பொதுவாக ஒரு விஷயம் உண்டு. வேலை போன தேதியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

தமிழ்நாட்டுத் திட்டத்தில் கடிகாரம் பதிவு செய்த தேதியிலிருந்து ஓடுகிறது. ஐந்து ஆண்டு காத்திருந்ததை நிரூபித்தால்தான் முதல் 600 ரூபாய். வேலையே பார்க்காதவருக்கான திட்டம் இது. வேலை பார்த்து இழந்தவர் என்ற மனிதரை இந்தத் திட்டத்துக்குத் தெரியாது. கேரளத்தில் 1982 முதல் உள்ள படியும் இதே குடும்பம்தான். மாதம் 120 ரூபாய். அரசியல் சட்டத்தின் 41ஆவது பிரிவு, வேலையின்மையிலும் முதுமையிலும் நோயிலும் பொது உதவி பெறும் உரிமையை அரசு தன் சக்திக்கு உட்பட்டு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. நெறிமுறைப் பிரிவு, நீதிமன்றம் போக முடியாது. முதுமைக்கு ஓய்வூதியம் வந்துவிட்டது, நோய்க்குக் காப்பீடு வந்துவிட்டது. வேலையின்மைக்கு மட்டும் இந்த 600.

ஆறுமுகநேரியில் ஒரு இ-சேவை மையத்தில் அந்த 600 ரூபாய் வாங்குகிற ஒரு தம்பியைச் சந்தித்தேன். பி.காம். அப்பா உப்பளத் தொழிலாளி. உறுதிமொழிப் படிவத்தைப் பிரதி எடுக்க வந்திருந்தான். "மாசாமாசம் வராதுண்ணே. மூணு மாசத்துக்குச் சேத்து ஆயிரத்தி எண்ணூறு. வந்த அன்னைக்கே குரூப் ஃபோர் புஸ்தகம் வாங்கிருவேன். வீட்ல குடுத்தா செலவாயிரும்லா." வேறு எங்காவது வேலைக்குப் போகலாமே என்றேன். "போனா இத நிப்பாட்டிருவாவ. போகாட்டி வீட்ல திட்டுவாவ. அப்பப்ப கேட்டரிங்குக்குப் போவேன், அது எழுத்துல வராது."

மூன்று ஆண்டுக்கும் சேர்த்து அவனுக்குக் கிடைப்பது 21,600 ரூபாய். நான் வேலையில் இருந்த காலத்தில் மாநகராட்சிக்குத் தொழில் வரி கட்டினேன். அது வேலை இருப்பதற்கான வரி. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று அரசியல் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பில் பத்து ஆண்டு கட்டினால் 25,000. வேலை இருந்ததற்காக ஒருவன் கட்டியது, வேலை இல்லாததற்காக இன்னொருவன் வாங்கியதைவிட அதிகம். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, அரசு ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் நேராக வங்கியில் போட்டது. ஆகவே, முடியாது என்று சொல்வதற்கில்லை. பட்டதாரிக்கான 600 அப்படியே நிற்பதற்குக் காரணம், அதைக் கேட்க ஆள் இல்லாததுதான். காத்திருப்பவர்கள் சங்கம் வைப்பதில்லை.

*

இதே கடற்கரையில், இதே அரசு, வேலை நின்ற நாளுக்குக் காசு கொடுக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அதற்காக மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணம். நான் ஊரில் இருந்த ஆண்டு அது 5,000. அந்த ஆகஸ்ட்டில் மண்டபம் மாநாட்டில் 8,000 ஆக்குவதாக முதலமைச்சர் அறிவித்தார். மழைக்காலத்தில் உப்பளம் மூடும்போது உப்பளத் தொழிலாளிகளுக்கும் இப்போது 5,000 தருகிறார்கள்.

தூத்துக்குடி விசைப்படகில் போகிற சிங்கித்துறைக்காரர் ஒருவர் மே மாதத்தில் வலை பின்னிக்கொண்டே என்னிடம் பேசினார். "அஞ்சாயிரம் எத்தன நாளைக்கி வரும் தம்பி? பத்து நாளைக்கி. ஆனா இந்தத் தொகை கெடைக்க நாங்க எதையும் நிரூபிக்க வேண்டாம். கடல் மூடியிருக்குன்னு கவருமெண்டுக்கே தெரியும். சங்கத்துல பேரு இருந்தாப் போதும்." பிறகு அவரும் கேட்டார்: "நீங்க எப்பம் பயணம்?" அன்றைக்குத்தான் முதன்முறையாக, வேலை போய்விட்டது என்று வாய்விட்டுச் சொன்னேன். "அப்ப ஒங்களுக்கும் தடைக்காலம்" என்றார். சிரிக்கவில்லை. தொழிலைப் பற்றித்தான் சொன்னார்.

அந்தச் சொல்லில் ஒரு திட்டமே இருக்கிறது. தொகை சிறியதுதான், ஆனால் அந்த நிவாரணத்தின் இலக்கணம் சரியானது. வேலை நின்றது உங்கள் குற்றம் என்று அது பேசவில்லை. ஐந்து ஆண்டு பொறுத்து வா என்று சொல்லவில்லை. நீ என்ன படித்தாய் என்று கேட்கவில்லை. இதே இலக்கணத்தைக் கடலிலிருந்து கரைக்குக் கொண்டுவர மூன்று மாற்றங்கள் போதும் என்று நினைக்கிறேன். உதவி வேலை போன நாளிலிருந்து தொடங்க வேண்டும். ஆறு மாதம் போதும், ஆனால் அந்த ஆறு மாதம் குடும்பம் நடத்துகிற அளவுக்கு இருக்க வேண்டும். தொழிற்படிப்பு என்ற விலக்கு போக வேண்டும். 500க்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளைத் திறந்துவிட்டு, எஞ்சினியருக்கு வேலை போகாது என்று எந்த அரசும் சொல்ல முடியாது. ஒரே வாரத்தில் ஒரே நிறுவனத்தில் நூறு பேர் 'தாமாக' ராஜினாமா செய்தால் அதை ஆட்குறைப்பு என்றே தொழிலாளர் துறை பதிய வேண்டும். பணத்துக்கு, கட்டிக்கொண்டிருக்கும் தொழில் வரியிலிருந்தே தொடங்கலாம். எங்கள் சம்பளச் சீட்டில் அதற்கென்று ஒரு வரியைச் சேர்த்தாலும் கட்டத் தயாராக இருப்போம். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் பணியாளர்களில் 2 சதவீதம், சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, அந்தத் தயார்நிலை எல்லா அலுவலகங்களிலும் தெரிந்தது.

எனக்கு 2023 நவம்பரில் பெங்களூரு நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது, முன்பைவிடக் குறைந்த சம்பளத்தில். வளையல்கள் இன்னும் திரும்பவில்லை. 2025இல் பதிவைப் புதுப்பிக்கும் முறை வந்தது. வாப்பா ஃபோனில் நினைவுபடுத்தினார்கள், புதுப்பித்தேன். ஆறுமுகநேரித் தம்பிக்கு மூன்று ஆண்டு முடிந்து உதவித்தொகை நின்றுவிட்டது. ஒருமுறை வாங்கி முடித்தவர் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. இப்போது திருச்செந்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறான். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது. தேர்வுக்குப் படிப்பது ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பிறகு மட்டும். அவனும் பதிவைப் புதுப்பித்துவிட்டானாம். எங்கள் இருவர் பெயரும் உயிர்ப் பதிவேட்டில் இருக்கின்றன.